உயர்த்திய பிக்கப், பெரிய டயர்: அறிகுறியைக் கொண்டு கோளாறைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி, மாதவரம் பக்கத்திலும் ஓடும் பிக்கப் வண்டிகளுக்கு, சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் பொருத்திப் பெரிய டயர் போட்டபின் வருகிற கோளாறுகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. வண்டி மாறும், உரிமையாளர் மாறுவார். சொல்லும் புகார் மாறுவதில்லை. அவற்றைத் திரும்பத் திரும்பச் சரிசெய்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். பல வண்டிகள் தேவையில்லாமல் இரண்டு மூன்று பாகங்கள் மாற்றப்பட்ட பிறகே என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. காற்றழுத்தம், நட்டுகளின் இறுக்கம், அலைன்மென்ட் ஆகிய மூன்றையும் முதலில் பார்த்திருந்தால் அந்தச் செலவில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது. ஆகவே ஒவ்வோர் அறிகுறியின் கீழும் காசு செலவில்லாத சோதனை முதலிலும், பாகம் மாற்றும் வேலை கடைசியிலும் வருகின்றன.

இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போல, முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கோடு தனித்தனி சஸ்பென்ஷனும், பின்பக்கம் ஒரே ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

சமதளத்தில், சுமையில்லாமல் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கு எண்களையும் எழுதி வைக்கவும். இடத்துக்கும் வலத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைச் சரிசெய்யாமல் வேறெதையும் தொட வேண்டாம். அடுத்து, டயரின் பக்கவாட்டில் உள்ள அளவையும், ரிம்மின் ஆஃப்செட்டையும் (ரிம் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது), லிஃப்ட் எந்த வகை என்பதையும் குறித்துக்கொள்ளவும். முன்பக்கம் ஸ்பேசர் வட்டா, உயரமான ஸ்பிரிங்கா. பின்பக்கம் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையில் கட்டையா, கூடுதல் பட்டையா, நீளமான ஷேக்கிளா (பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) என்பது தெரியாமல் எந்த மெக்கானிக்காலும் சரியான பதில் சொல்ல இயலாது.

அடியில் படுத்துப் பார்க்கும் வேலைகள் கீழே பல இடங்களில் வருகின்றன. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. இரு பக்கமும் ஸ்டாண்டு வைக்க வேண்டும். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் தரை மணலாக இருப்பதால், ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் அகலமான பலகை போடாவிட்டால் உயர்த்திய வண்டி மெல்லச் சாயும். உயரம் கூடிய வண்டி சாயும்போது முன்பைவிட வேகமாகச் சாய்கிறது.

## அறிகுறி: டயர் எங்கோ உரசுகிறது

எங்கே உரசுகிறது என்பதைக் காதால் தீர்மானிக்க வேண்டாம். சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்து டயரின் இரு தோள்களிலும் தடவி, அறிகுறி வரும்படி ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், உரசும் இடத்தில் வெள்ளைத் தடம் விழுந்திருக்கும். பெரும்பாலும் ஒருவர் பம்பர் என்று சொல்லிக்கொண்டு வருவார். தடமோ சக்கரத்துக்குப் பின்னால், கேபின் சேஸிஸில் அமரும் மவுண்டில் விழுந்திருக்கும்.

### ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்தால் மட்டும் உரசினால்

மட்ஃபிளாப்பும் மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. திருகு கழன்று தொங்கும் லைனரை மீண்டும் இறுக்கினாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்; சற்று இடம் போதாவிட்டால் ஹீட் கன் கொண்டு மிதமாகச் சூடாக்கி உள்ளே தள்ளலாம்.

அதற்குப் பிறகும் உரசினால் ரிம்மின் ஆஃப்செட்டைப் பார்க்கவும். அதே அகலத்தில், 30 மி.மீ. ஆஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு 0 ஆஃப்செட் ரிம் போட்டால் டயர் 30 மி.மீ. வெளியே வந்து நிற்கிறது. வெளியே வந்த டயர் திரும்பும்போது பெரிய வட்டம் போட்டுப் பம்பரின் மூலையையும் பின்னாலுள்ள மவுண்டையும் தொடுகிறது. இதை லிஃப்ட் உயரத்தைக் கூட்டிச் சரிசெய்ய முடியாது. இந்த ஒரு விஷயம் புரியாமல் 50 மி.மீ. கிட்டைக் கழற்றி 75 மி.மீ. கிட் போட்டு, உரசலும் தீராமல் புதிதாக இரண்டு கோளாறுகளைச் சேர்த்துக்கொண்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். சரியான ஆஃப்செட் உள்ள ரிம்முக்கு மாறுவதே இதற்கு உண்மையான தீர்வு. அலைன்மென்ட்டின்போது காஸ்டரை (பக்கவாட்டில் பார்த்தால், ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) சற்றுக் கூட்டினால் சக்கரம் ஓரிரு மி.மீ. முன்னே போகும், பின்புற உரசல் மிகக் குறைவாக இருந்தால் அதுவே போதும்.

### வேகத்தடையிலோ சுமை ஏற்றியபோதோ மட்டும் உரசினால்

ஸ்பேசர் வகை லிஃப்ட் வண்டியை நிற்கும்போது உயர்த்துகிறது. ஆனால் சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கும்போது சக்கரம் பழைய பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் மேலும் அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) வரை, அதாவது பழைய இடத்துக்கே, மேலே போகிறது. நிறுத்தி வைத்தபோது இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. ஒரு முன்சக்கரத்தை உயரமான திண்டில் ஏற்றி, எதிர்ப்பக்கப் பின்சக்கரத்தையும் உயரத்தில் வைத்து, ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். உரசினால் பம்ப் ஸ்டாப்பை நீட்டிக்கலாம். இல்லையென்றால் ஓரளவு சிறிய டயருக்கு இறங்கலாம்.

### எப்போது நிபுணரிடம் போக வேண்டும்

கேபின் மவுண்டை வெட்டித் தகடு வைத்து அடைக்க வேண்டும் என்ற கட்டம் வந்தால் கேஸ் கட்டிங் செய்யும் சாதாரண வெல்டிங் கடைக்குப் போகாதீர்கள். சேஸிஸோடு சேர்ந்த பகுதியை அதிகச் சூட்டில் வெட்டினால் அந்த இடம் வலுவிழக்கும். சரியாகப் பூசப்படாத வெல்டிங் நமது கடற்காற்றில் ஓர் ஆண்டுக்குள் துருப்பிடித்துவிடும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதும் பதிவுச் சான்றிதழில் உள்ளதுமான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்துக்குப் பிறகு காப்பீட்டு ஆய்வாளர் கேட்கும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்றாக இருக்கும். வெட்டாமல் பொருந்தும் டயரோடு நிறுத்திக்கொள்வதே என் உறுதியான கருத்து. 255/60 ஆர் 18 டயரோடு வந்த வண்டிக்கு 265/70 ஆர் 17 என்பது, சரியான ஆஃப்செட் ரிம்மோடும் மிதமான லிஃப்ட்டோடும், சிறு லைனர் வேலையில் முடிந்துவிடக்கூடிய அளவு. 285/70 ஆர் 17 போட்டால் பெரும்பாலும் வெட்ட வேண்டியிருக்கும்.

## அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது நேர்சாலையில் அலைகிறது

இந்த இரண்டும் ஒன்றல்ல. கையை விட்டால் எப்போதும் ஒரே பக்கம் போவது இழுப்பு. ஒருமுறை இடமும் ஒருமுறை வலமுமாகத் தேடிக்கொண்டே போவது அலைச்சல்.

### ஒரே பக்கம் இழுத்தால்

நமது சாலைகள் மழைநீர் வடிய இடப்புறம் சரிவாக இருப்பதால் லேசான இடப்பக்க இழுப்பு இயல்பே. சாலையின் நடுவில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், தட்டையான பகுதியில் ஓட்டிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

காலையில் வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது, நான்கிலும் காற்றழுத்தம் பார்க்கவும். கதவுத் தூணில் ஒட்டப்பட்ட அழுத்தம் பழைய அளவு டயருக்கானது, எல்.டி. (லைட் டிரக்) வகைப் பெரிய டயர்களுக்கு அதே சுமையைத் தாங்கக் கூடுதல் அழுத்தம் வேண்டியிருக்கும். சரியான அழுத்தத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: டயரின் அகலம் முழுவதும் குறுக்கே தடிமனான சாக்பீஸ் கோடு போட்டு, நேராக 200 மீட்டர் ஓட்டிப் பார்க்கவும். நடுவில் மட்டும் கோடு அழிந்திருந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் காற்று குறைவு. வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஒருமுறையும், காலியாக ஒருமுறையும் செய்து இரண்டு எண்களையும் எழுதி வைக்கவும்.

அழுத்தம் சரியென்றால் முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றவும். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில் இருக்கிறது. சுழலும் திசைக்கு அம்புக்குறி உள்ள டயராக இருந்தால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவும். இழுப்பு மாறவில்லை என்றால், பத்துக் கிலோமீட்டர் ஓட்டியபின் கையை ரிம்முக்கு அருகே கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடவும், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் வெகுவாகச் சூடாக இருந்தால் அந்தப் பக்கப் பிரேக் கேலிப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது. காசிமேட்டில் மீன் ஏற்றும் வண்டிகளிலும், கடலை ஒட்டி இரவு முழுதும் நிற்கும் வண்டிகளிலும் கேலிப்பர் பின்கள் உப்பேறி இறுகுவது வழக்கமானது. கழற்றிச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான கிரீஸ் தடவினால் போதும்.

### நேராக நிற்காமல் அலைந்தால்

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முன்பக்கத்தை உயர்த்தியபோது காஸ்டர் குறைந்துவிட்டது. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வராமல் சோம்பலாக இருந்தால் அதை உறுதி செய்துகொள்ளலாம். லிஃப்ட் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்ததாகச் சிலர் சொல்வார்கள். புதிய ஸ்பிரிங் அமர்ந்துவிடும், ஆகவே 500 கி.மீ. ஓடியபின் இன்னொருமுறை செய்ய வேண்டும். அலைன்மென்ட் கடையில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவதும் உண்டு. காஸ்டர், கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்), டோ மூன்றும் உள்ள அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். தாளில் காஸ்டர் சிவப்பிலேயே நிற்கிறது, அட்ஜஸ்ட்மென்ட் போல்ட்டும் கடைசி வரை திரும்பிவிட்டது என்றால், லிஃப்ட்டுக்கென்று செய்யப்பட்ட மேல் கண்ட்ரோல் ஆர்ம் தேவை. இந்த அறிகுறியில் செலவு மிகுந்த படி அதுவே. அதைப் பொருத்துவதும் அனுபவமுள்ளவர் வேலை.

டயர் தேய்மானமும் பேசும். வெளி ஓரம் மட்டும் தேய்ந்தால் கேம்பர் வெளியே சாய்ந்திருக்கிறது. உள்ளங்கையை டிரெட்டின் மேல் குறுக்கே இழுத்தால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தவறு.

## அறிகுறி: குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது

ஏறத்தாழ 70 முதல் 90 கி.மீ. வேகத்தில் தொடங்கி, மேலே போனால் குறைவது டயர் அல்லது ரிம் சார்ந்தது. புழல் தாண்டி ஜி.என்.டி. சாலையில் வேகமெடுத்தபின்தான் இது தெரியவருகிறது. நகரத்துக்குள் யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் ரிம்மின் உட்புறத்தைக் கழுவவும். மணலியில் கண்டெய்னர் லாரிகள் கலக்கிவிட்ட சேறு ஒரு கைப்பிடி அளவு காய்ந்து ஒட்டியிருந்தாலே பெரிய டயர் நடுங்கும். அடுத்து, நட்டுகளை உரிமையாளர் கையேட்டில் உள்ள டார்க் அளவுக்கு, நட்சத்திர வரிசையில் இறுக்கவும். அலாய் ரிம் மாற்றியபின் 100 கி.மீ. ஓட்டி மீண்டும் இறுக்குவது கட்டாயம். ஏர் கன்னால் அடித்துவிட்டோம் என்பது கணக்கில் சேராது. மூன்றாவது, ரிம்மின் நடுத்துளை ஹப்பைவிடப் பெரியதாக இருந்தால், சக்கரம் நட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சரியான அளவு ஹப் ரிங் போட்டால் தீரும், விலையும் குறைவு.

இதற்குப் பிறகு பேலன்சிங். பெரிய டயருக்கு மெஷின் ஏற்றபடி இருக்கிறதா, ஒரே பக்கம் எடை குவிகிறதா என்று நின்று பாருங்கள். ஒரே ரிம்முக்கு 150 கிராமுக்கு மேல் எடை கேட்டால் டயரை ரிம்மில் 180 டிகிரி சுற்றிப் பொருத்தச் சொல்லுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ரிம் வளைந்திருக்கிறது, அல்லது டயர் வட்டமாக இல்லை. மெஷினில் சுழலும்போது ரிம் விளிம்பருகே ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையை நிறுத்திப் பார்த்தால் வளைவு கண்ணுக்குத் தெரியும். வளைந்த அலாயைச் சுட்டு அடித்து நிமிர்த்துவதை நான் ஏற்பதில்லை. விரிசல் உள்ளேயே இருந்துவிடும்.

டயர் நிலைமை சரியாக இருந்தும் நடுக்கம் தொடர்ந்தால், முன்சக்கரத்தை உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டவும். பிறகு இடமும் வலமும் ஆட்டவும். மேல்-கீழ் ஆட்டம் பால் ஜாயின்ட்டையோ வீல் பேரிங்கையோ காட்டும். இட-வல ஆட்டம் டை ராட் எண்டைக் காட்டும். கனமான டயர் இவற்றை முன்பைவிட விரைவில் தேய்த்துவிடுகிறது. இவற்றில் எது ஆடினாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் வேலை செய்வதல்ல, மெக்கானிக்கை வரவழைக்க வேண்டும்.

## அறிகுறி: ஸ்டீயரிங்கில் இல்லை, இருக்கையின் அடியில் அதிர்கிறது

பெரும்பாலோர் இங்கேதான் தவறான இடத்தில் பணத்தைச் செலவழிக்கிறார்கள். நான்கு டயரையும் இரண்டு முறை பேலன்ஸ் செய்துவிட்டு, அதிர்வு அப்படியே இருப்பதாக வருகிறார்கள். அது டயரில் இருந்து வருவதில்லை; பின்பக்கத்தை உயர்த்தியபோது, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறியதால் வருகிறது.

சோதனை இப்படி: அதிர்வு வரும் வேகத்தில், பாதுகாப்பான நேர்சாலையில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவரவும். அதிர்வு உடனே நின்றால் என்ஜின், கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். நிற்காமல் வேகத்தோடு சேர்ந்து குறைந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். சிக்னலில் இருந்து புறப்படும் முதல் சில மீட்டரில், குறிப்பாகச் சுமையோடு, தடதடவென்று வந்து பிறகு மறைந்தால் ஏறக்குறைய உறுதியாக ஷாஃப்ட் கோணம் அல்லது நடு பேரிங்.

அடியில் போய்ப் பார்க்கும்போது வரிசை இது:

முதலில், ஷாஃப்டின் முனைகளில் வளைந்து சுழலும் யூனிவர்சல் ஜாயின்ட் கிராஸின் கப்களைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கிரீஸ் வற்றி உள்ளே ஊசிகள் அரைபடுகின்றன. நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடித்து ஒரு வாரம் பார்க்கலாம். கையால் ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் கிராஸை மாற்ற வேண்டியதுதான். ஷாஃப்டைக் கழற்றுமுன் இரு துண்டுகளிலும் பெயின்ட் குறி வையுங்கள். குறியில்லாமல் வேறு பல்லில் மாட்டிவிட்டால் புதிய அதிர்வு தொடங்கும்.

அடுத்து, நடு பேரிங்கைத் தாங்கும் ரப்பர். சுக்கல் சுக்கலாகக் கிழிந்திருந்தால் மாற்றவும். நல்ல நிலையில் இருந்தால், லிஃப்ட்டுக்கு ஏற்ற ஸ்பேசர் வைத்து நடு பேரிங்கைச் சிறிதளவு இறக்குவதே பல வண்டிகளில் முழுத் தீர்வு. சில நூறு ரூபாய்த் தகடு, ஒரு மணி நேர வேலை.

அதற்கும் மேல் கோணம் அளக்க வேண்டும். கைப்பேசியில் உள்ள சாய்வளவியைக் கியர்பாக்ஸ் வெளி ஃபிளாஞ்ச், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் ஃபிளாஞ்ச் ஆகியவற்றில் வைத்து எண்களை எழுதுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டின் கோணமும் 3 டிகிரிக்குள், எதிரெதிர் முனைகளின் கோணங்கள் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்குள் இருப்பது நல்லது. அதை மீறினால் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைத்துப் பினியனின் (ஷாஃப்ட் இணையும் டிஃபரன்ஷியல் பற்சக்கரம்) முகத்தைத் திருப்ப வேண்டும். ஆப்பு எத்தனை டிகிரி, எந்தப் பக்கம் தடிமன் என்பதை அளந்து முடிவு செய்பவரிடம் மட்டும் இந்த வேலையைக் கொடுங்கள். கண்ணால் பார்த்து ஆப்பு வைப்பவர்களால் பினியன் சீல் வரை போன வண்டிகள் உண்டு.

## அறிகுறி: திருப்பும்போது முன்பக்கம் டக்-டக் என்கிறது

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில், முழுதும் ஒடித்து மெதுவாக முன்னேறும்போது சீரான டக்-டக் சத்தம் வந்தால் அது வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் (முன் ஆக்ஸிலின் முனையில், வளைந்தபடி சுழலும் இணைப்பு). ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் ரிம்மின் உள்புறம் தெறித்திருக்கும். கிழிசல் புதிதாகவும் சத்தம் இல்லாமலும் இருந்தால் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும். சத்தம் வந்துவிட்டால் ஆக்ஸில் மாற்ற வேண்டும். தனித்தனி முன் சஸ்பென்ஷனில் 50 மி.மீ.க்கு மேல் உயர்த்தினால் ஆக்ஸில் எப்போதும் சரிவாகவே சுற்றுகிறது, பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. முன் டிஃபரன்ஷியலைச் சற்று இறக்கும் டிஃப் டிராப் ஸ்பேசர் சிறிது உதவும். உயரத்தைக் குறைப்பது முழுதும் உதவும்.

மேடு பள்ளத்தில் ஒற்றை டங் என்று வந்தால் அது சி.வி. அல்ல. ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக் மேல் நட்டு, ஸ்பேசரின் மூன்று போல்ட் ஆகியவற்றை அந்த வரிசையில் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். சக்கரம் காற்றில் தொங்கும்போது மேல் கண்ட்ரோல் ஆர்ம் காயிலைத் தொட்டுப் பளபளக்கும் தழும்பு இருந்தால், லிஃப்ட் அந்த ஆர்முக்கு அதிகமாகிவிட்டது.

## அறிகுறி: பின்பக்கம் ஊளையிடுகிறது, மழைக்குப் பின் தொடங்கியது

வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும் நாளில் "என் வண்டி உயரம், போய்விடும்" என்று இறங்கியவர்களுக்காக இந்தப் பகுதி. லிஃப்ட் கிட் சேஸிஸையும் கேபினையும்தான் உயர்த்துகிறது; பின் ஆக்ஸிலை ஒரு மி.மீ.கூட உயர்த்துவதில்லை. டயர் மட்டுமே அதை உயர்த்தும், அதுவும் விட்டக் கூடுதலில் பாதி. 255/60 ஆர் 18 டயரின் விட்டம் 763 மி.மீ., 265/70 ஆர் 17 டயரின் விட்டம் 803 மி.மீ.; ஆக்ஸிலுக்குக் கிடைத்த உயரம் 20 மி.மீ. மட்டுமே.

ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் (ஆக்ஸிலுக்குள் காற்று போய்வரும் குழாய்) வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. கேபின் உயர்ந்தபின் பிரீதர் குழாய் நீளம் போதாமல் விறைத்து நிற்பதும், கழன்று தொங்குவதும் உயர்த்திய வண்டிகளுக்கே உரிய கோளாறு. முதலில் குழாய் அதன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டிஃபரன்ஷியலின் நிரப்பும் மூடியைத் திறந்து விரலால் ஆயிலைத் தொடுங்கள். பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே வடித்து, புதிய ஆயில் விட்டு, 100 கி.மீ. ஓட்டி மீண்டும் ஒருமுறை மாற்றவும். நான்கு சக்கர இயக்கம் இருந்தால் முன் டிஃபரன்ஷியலையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இயக்கத்தைப் பிரித்தனுப்பும் பெட்டி) விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த நீரில் நின்ற வண்டிகளில் சஸ்பென்ஷன் புஷ்களையும் பார்க்க வேண்டியிருந்தது; எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பி மிருதுவாகிவிடும்.

ஆயில் தெளிவாக இருந்தும் வேகத்தோடு ஏறும் ஊளை தொடர்ந்தால் பேரிங் அல்லது கிரவுன் பினியன். அதைத் திறந்து பேக்லாஷ் (பற்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி) வைப்பது டயல் கேஜ் உள்ள பட்டறை வேலை. வீட்டு வாசலில் செய்யக்கூடியதல்ல.

## அறிகுறி: பின்பக்கம் ஒரு புறம் சாய்ந்து நிற்கிறது, அல்லது கட்டிப் போட்டதுபோல் குதிக்கிறது

யூ போல்ட் நட்டுகளை முதலில் இறுக்குங்கள். புதிதாகப் பட்டையைப் பிரித்துக் கட்டியபின் 100 கி.மீ.யில் ஒருமுறையும், 1000 கி.மீ.க்குள் இன்னொருமுறையும் இறுக்காத வண்டிகளே சாய்ந்து நிற்கின்றன. பழைய யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இழுபட்டது மறுமுறை அந்த இறுக்கத்தைத் தாங்காது. மீன் கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டும் வண்டிகளில் உப்புநீர் நேராகப் பட்டைகளின் மேலும் யூ போல்ட் மரைகளிலும் விழுகிறது. ஒவ்வொரு நாளும் இறக்கியபின் நல்ல தண்ணீரால் அடிப்பகுதியைக் கழுவுங்கள். இதைச் செய்பவர்களின் யூ போல்ட் ஆண்டுக்கணக்கில் நிற்பதையும், செய்யாதவர்களுடையது மரை தின்றுபோவதையும் அருகருகே பார்த்திருக்கிறேன்.

இறுக்கியும் சாய்ந்தால் பட்டைகளை எண்ணி, நடு போல்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். நடு போல்ட் உடைந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் பின்னே நகர்ந்து வண்டி கோணலாக ஓடும்; அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கட்டையின் மேல் கட்டை அடுக்கியிருந்தால் கழற்றி, ஒரே துண்டாக வார்த்த கட்டையோ கூடுதல் பட்டையோ போடச் சொல்லுங்கள். காலியாகக் குதிப்பதற்கு முதல் காரணம் காற்று அதிகம்; இரண்டாவது, சுமைக்காகப் போட்ட கூடுதல் பட்டை; மூன்றாவது, உயரத்துக்கு நீளம் போதாமல் முழுதும் விரிந்தே நிற்கும் பழைய ஷாக்.

## அறிகுறி: பிரேக் முன்புபோல் பிடிக்கவில்லை, அல்லது ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறது

இங்கே வரிசை மாறுகிறது. கீழே உள்ளவற்றைப் பார்ப்பது நீங்கள். கை வைப்பது மெக்கானிக் மட்டுமே.

சக்கரம் தொங்கும் நிலையில், ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதும் ஒடித்து, முன் பிரேக் குழாய் விறைக்கிறதா என்று பாருங்கள். விறைத்தால் வண்டியை எடுக்காதீர்கள். அதன் அருகே ஓடும் ஏ.பி.எஸ். சென்சார் கம்பியும் அப்படியே இழுபடும். விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் ஒரு சிறு தண்டு வழியாகச் சுமையை உணரும் வால்வு சில பிக்கப்களில் உண்டு. பின்பக்கத்தை உயர்த்தியபின் அந்தத் தண்டை மறுபடி அமைக்காவிட்டால், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாக எண்ணி வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஒரு டன் சுமையோடு வந்து நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருந்ததை இரண்டு வண்டிகளில் கண்டேன். இரண்டிலும் முன்னால் பேடும் டிஸ்க்கும் புதிதாக மாற்றப்பட்டிருந்தன. தண்டை நீட்டிக்கும் பிராக்கெட் கேட்டு வாங்கி, பிரேக் வேலை தெரிந்தவரிடம் அமைத்துக்கொள்ளுங்கள். கனமான டயரை நிறுத்தத் தூரம் சற்றுக் கூடும் என்பது வேறு. மிதி ஆழமாகப் போவதும், பஞ்சுபோல் அமுங்குவதும் பெரிய டயரால் வருவதல்ல.

## அறிகுறி: இழுவை குறைந்தது, மைலேஜ் விழுந்தது

மைலேஜை முதலில் சரியாகக் கணக்கிடுங்கள். 763-லிருந்து 803 மி.மீ. என்பது 5 சதவீதத்துக்குச் சற்று மேல். மீட்டரில் 400 கி.மீ. காட்டும்போது வண்டி உண்மையில் ஏறத்தாழ 420 கி.மீ. ஓடியிருக்கிறது, 60 காட்டும்போது வேகம் 63. கைப்பேசியின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்கள் வண்டியின் வேறுபாடு தெரியும். இந்தத் திருத்தத்துக்குப் பிறகும் குறைந்திருந்தால் காற்றழுத்தம், அலைன்மென்ட், பிடித்துக்கொண்ட பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள்.

பாலம் ஏறும்போது கிளட்ச் வாசனை வந்தால், முதல் கியரில் கிளட்சை முழுதும் விட்டு ஏறப் பழகுங்கள். அதற்கும் தீராவிட்டால் கிரவுன் பினியன் விகிதத்தை மாற்றுவதுதான் மிச்சம், செலவு அதிகம். நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். நான்கு டயரும் ஒரே விட்டமாக இருக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம். அந்தச் செலவைக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால், ஓர் அளவு சிறிய டயருக்கு இறங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.

## அறிகுறி: எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டைத் தணிக்கச் சொல்லிச் சைகை காட்டுகிறார்கள்

முன்பக்கம் உயர்ந்தபின் டிம் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழுகிறது. சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, சமதளத்தில், வழக்கமான சுமையோடு நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் கோடாகக் குறிக்கவும். டிம் ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே வரும்வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பவும். கேபினில் உள்ள உயரக் கட்டுப்பாட்டுச் சக்கரம் பூஜ்ஜியத்தில் இருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். லிஃப்ட் போட்ட அன்றே செய்ய வேண்டிய பத்து நிமிட வேலை இது. இரவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் எதிரே இருசக்கர வண்டியில் வருபவருக்காக, மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதை அன்றே செய்துவிடுங்கள்.